மருமகனின் பச்சோந்திக் கூட்டுக்கு எந்தக் கன்றுகள் வைக்கலாம்?

கனகராயன்

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பூக்கன்றும் பழமரக் கன்றும் விற்கிறவன். எந்த நிலத்துக்கு எந்தக் கன்று என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை வந்த கேள்வி கொஞ்சம் வேறு.

அக்கா குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. மருமகன் ஒரு பச்சோந்தி வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். யேமன், சவூதிப் பக்கத்து மலைகளில் இருக்கிற இனமாம், தலையில் பெரிய கொண்டை. ஆண், இன்னும் வளருகிற வயது. "மாமா, கூட்டுக்குள் உயிருள்ள கன்று வைக்கவேண்டுமாம், நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்று படம் அனுப்பினான். அலுமினிய வலைக்கூடு, இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம். நடுவில் ஒரு குரோட்டன் சாடி. குறுக்கே சரிவாக ஒரே ஒரு தடி. விலங்கோ இரண்டையும் விட்டுவிட்டு மேல் மூலையில் வலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. உடம்பெல்லாம் கறுத்துப்போய் இருக்கிறது.

அவன் வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையில் மணி பிளான்ட், செவ்வரத்தை, பெஞ்சமினா, ஷெப்லேரா, டீபன்பேக்கியா எல்லாம் கிடைக்கிறதாம். எதை எடுப்பது, எங்கே வைப்பது? இங்கிருந்து நான் தடி வெட்டி அனுப்பினால் வேர்பிடிக்குமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். எங்கள் வேலியிலேயே ஒரு பச்சோந்தி இருக்கிறது. மச்சானின் கூட்டைப் பார்த்ததில் இருந்து என் சின்ன மகள் அதைப் பிடித்து இதேபோல ஒரு கூட்டில் வைக்கச் சொல்லி அழுகிறாள். செய்யலாமா?

நெடுங்கேணியான்

அண்ணை, உயிருள்ள கன்று என்றால் தண்ணி, மண், பூச்சி என்று வீட்டுக்குள் பெரிய வேலை. படிக்கிற பெடியனுக்கு அது கஷ்டம். துபாயில் என் கூட்டாளி ஒருவன் ஓணான் மாதிரி ஒன்றை வளர்த்தான். பிளாஸ்டிக் கொடிதான் தொங்கவிட்டிருந்தான். கழுவித் துடைத்தால் சரி, பார்க்கவும் வடிவாக இருக்கும். உங்கள் மருமகனுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன்.

பாலியாற்றங்கரை

தம்பி கனகராயன், நான் மல்லாவியில் இருக்கிறேன். ஜெர்மனியில் இருந்த காலத்தில் உங்கள் மருமகன் வைத்திருக்கிற இதே இனத்தை வளர்த்தேன். அங்கே அதை யேமன் கமெலியோன் என்பார்கள். ஒன்று வயதாகித்தான் செத்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு வளர்க்கவில்லை. வேலியில் பார்ப்பதோடு சரி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிளாஸ்டிக் வேண்டாம். நெடுங்கேணித் தம்பி சொன்னது வேறு சில இனங்களுக்குப் பொருந்தலாம். யேமன் பச்சோந்தி பூச்சி மட்டும் தின்னாது, இலையையும் கடித்துத் தின்னும். பிளாஸ்டிக் இலையையும் துணி இலையையும் கூடக் கடிக்கும். ஒரு துண்டு விழுங்கினாலும் குடல் அடைக்கக்கூடும். இந்த இனத்துக்கு உயிருள்ள கன்றைத் தவிர வேறு வழியில்லை.

மருமகனுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு காலை நேரம் உங்கள் வேலிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே இருக்கிறது வேறு இனம்தான், ஆனால் கூட்டை எப்படி அடுக்குவது என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. வெயில் ஏறத் தொடங்கும்போது கிழக்குப் பக்கத்து வெளிக்கிளையில் உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருக்கும். அப்போது நிறம் கறுப்பாக இருக்கும், சூட்டை இழுப்பதற்காக. சூடு ஏறியதும் வெளிறிக்கொண்டு உள்ளே போய்விடும். பிறகு பார்த்தால் இலைகளுக்குள் எங்கே என்று தெரியாது. பொழுது சாயும் நேரம் மெல்லிய கிளையின் நுனிக்குப் போய் நித்திரை கொள்ளும். பாம்பு ஏதும் வந்தால் கிளை ஆடும், விழித்துக்கொள்ளலாம். தை மாசிப் பனிக்காலம் என்றால் இலையில் நிற்கிற பனித்துளியை நக்கிக் குடிப்பதையும் பார்க்கலாம்.

இவ்வளவுதான் விஷயம். வெயில் காய ஒரு இடம், ஒளிய ஒரு இடம், இரண்டுக்கும் நடுவே நடக்கப் பாதை, தண்ணீர் தங்க இலை, படுக்க ஒரு நுனி. அந்த நாலடிக் கூட்டுக்குள் இது எல்லாம் இருக்கவேண்டும். நீங்கள் சொன்ன படத்தில் ஒன்றுகூட இல்லை. அது வலையில் தொங்குகிறதற்குக் காரணம் நிற்க வேறு இடம் இல்லாததுதான். வலையிலேயே ஏறித் திரிந்தால் நகமும் விரலும் புண்படும். வெயில் காய்வதற்காகக் கறுப்பது ஒன்று, நாள் முழுக்கக் கறுத்தே இருப்பது இன்னொன்று. இரண்டாவது பயத்தின் நிறம். அவன் இதை உடனே கவனிக்கவேண்டும்.

கன்று வாங்க ஓடுவதற்கு முன் தடிகளைக் கட்டச் சொல்லுங்கள். பச்சோந்தியின் கால் விரல்கள் இரண்டு கூறாகப் பிரிந்து இடுக்கி போலப் பிடிக்கிறவை. சின்னவிரல் பருமனில் இருந்து பெருவிரல் பருமன் வரை தடிகள் வேண்டும், எல்லாம் ஒரே பருமனில் இருக்கக்கூடாது. சரிவாக ஒன்றை வைத்தால் அது ஏணி மட்டும்தான். குறுக்காக, மட்டமாக, மூன்று நாலு உயரங்களில் கட்டவேண்டும். ஒன்றில் இருந்து ஒன்றுக்குக் கீழே இறங்காமலே போகக்கூடியதாக இருக்கவேண்டும். ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். மேல் தடி விளக்குக்குக் கீழே ஒரு முழம் இல்லை, ஒரு சாண் அளவில் வரட்டும். அதன் முதுகு இருக்கிற உயரத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்து 30 பாகைக்குக் கிட்ட வைத்தால் நல்லது. கொண்டையும் முதுகும்தான் முதலில் சுடும், அதனால் கையை வைத்துப் பார்ப்பதோடு விடவேண்டாம்.

அதன் பிறகு கன்று. ஒரு பக்கத்தை அடர்த்தியாகவும் மறு பக்கத்தைத் திறப்பாகவும் விடுங்கள். அடர்ந்த பக்கத்துக்கு ஷெப்லேரா என் முதல் தெரிவு. தண்டு கெட்டியாக இருப்பதால் வளர்ந்த ஆணையும் தாங்கும், இலை விரித்துப் பிடித்தபடி இருப்பதால் தண்ணீர்த் துளி நன்றாக நிற்கும், கடித்தாலும் மறுபடி துளிர்க்கும். தரையில் உயரமான சாடியாக ஒன்றை வைத்தால் கூட்டின் பாதி உயரத்துக்கு வந்துவிடும். பெஞ்சமினாவும் நல்லது, உள்ளே சிறு கிளைகள் நிறைய இருக்கும். ஆனால் இடம் மாற்றினால் இலையைக் கொட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பெடியன் பயந்துபோய்த் தண்ணீரை அள்ளி ஊற்றி வேரை அழுகவைக்கக்கூடும். அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மணி பிளான்ட்டைத் தரையில் வைக்கவேண்டாம். மேலே பின்பக்க மூலையில் தொங்கவிட்டு, கொடியைத் தடிகளின் மேல் ஓடவிடுங்கள். வெளிச்சம் குறைவான இடத்திலும் வரும், தண்ணீர் கூடினாலும் தாங்கும். அதன் சாற்றில் வாய் அரிக்கும் உப்பு உண்டு என்பது உண்மை. இருந்தாலும் உலகெங்கும் இந்த இனத்தின் கூடுகளில் அதுதான் அதிகம் தொங்குகிறது. என்னுடையவையும் அவ்வப்போது கடித்தன, ஒன்றும் ஆகவில்லை. செவ்வரத்தை இருந்தால் பூவையும் இலையையும் ஆசையாகத் தின்னும். ஆனால் அது வெயில் மரம். கனடா மாரியில் வீட்டுக்குள் பூக்கவேண்டும் என்றால் மேலே விளக்குக்குக் கிட்ட வைக்கவேண்டும், தனியாக ஒரு வளர்ப்பு விளக்கும் வேண்டும். கோடையில் பல்கனியில் வளர்த்து, கிளை வெட்டி உள்ளே வைக்கலாம்.

டீபன்பேக்கியாவைத் தொடவே வேண்டாம். குரோட்டனையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், சாறு எரிச்சல் தருகிற கன்று, இலையைக் கடிக்கிற விலங்குக்குத் தேவையில்லை. அலரி, எருக்கலை, ஊமத்தை, கள்ளி வகைகள், நாயுண்ணி எல்லாம் விலக்கு. இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் பெடியனுக்குப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

நடுவில் வெற்றிடம் விடவேண்டும். நிறையக் கன்று வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். அதன் நாக்கு உடம்பின் நீளத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம் பாயும். நடுவில் இலை மறைத்தால் பூச்சி கண்ணுக்குத் தெரிந்தும் பிடிக்க முடியாது. இலைகள் பின்னாலும் இரு பக்கமும் இருக்கட்டும், முன்னால் பாதி மறைந்தால் போதும்.

இப்போது மண். கடையில் வாங்கும் கன்றில் இரண்டு ஆபத்து. ஒன்று, சாடி மண்ணில் கலந்திருக்கும் பெர்லைட் என்ற பாரமில்லாத வெள்ளைக் கல்மணிகளும் உர மணிகளும். பூச்சி அதன்மேல் உட்கார, நாக்கு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். மண்ணை முழுவதும் உதறி, வேரைக் கழுவி, வேறு சுத்தமான மண்ணில் நட்டு, மேலே அதன் தலையைவிடப் பெரிய வழவழப்பான கற்களைப் பரப்பவேண்டும். இரண்டாவது பூச்சிமருந்து. நீங்கள் அந்தத் தொழிலில் இருக்கிறவர். மாவுப்பூச்சிக்கு இமிடாகுளோப்ரிட் போன்ற ஒன்றை வேரில் ஊற்றினால் இலை முழுக்க ஏறி நிற்கும், கழுவினால் போகாது. அதனால் வாங்கிய அன்றே கூட்டுக்குள் வைக்கக்கூடாது. வெளியே வைத்து, புதுத் துளிர் வந்து பழைய இலை போகும் வரை வளர்க்கவேண்டும். அவசரமென்றால் வீட்டில் ஏற்கெனவே பல காலம் மருந்தில்லாமல் வளர்ந்த மணி பிளான்ட்டைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கலாம். ஸ்காபரோவில் நம்முடைய ஆக்கள் வீட்டில் மணி பிளான்ட் இல்லாத வீடு இருக்காது.

இங்கிருந்து தடி அனுப்புகிற யோசனையை விட்டுவிடுங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், மண் கொஞ்சமும் ஒட்டியிருக்கக்கூடாது. அங்கே கிடைப்பதே போதும்.

கனகராயன்

அக்கா, மனம் நிறைந்த நன்றி. வேலியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கிழக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மகளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். உங்கள் பதிலைப் படம்பிடித்து மருமகனுக்கு அனுப்பிவிட்டேன்.

அவன் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிறான். தண்ணீர்க் கோப்பை எங்கே வைப்பது? யன்னலுக்குப் பக்கத்தில் கூட்டை வைத்தால் வெயில் கிடைக்கும்தானே, பிறகு எதற்கு விலை கூடிய விளக்கு? என் பங்குக்கு ஒன்று: பச்சைக் கன்று நிறைய வைத்தால் அதன் கறுப்பு மாறிப் பச்சையாகுமா?

மாங்குளத்துக் காடு

அண்ணை, கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன், அப்புறம் உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். மிச்சத்தை அக்கா சொல்லட்டும்.

பச்சோந்தி பின்னால் இருக்கிற நிறத்தைப் பார்த்து மாறுவதில்லை. சூடு, வெளிச்சம், பயம், கோபம், சோடி தேடுவது இதற்கெல்லாம்தான் மாறும். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் மடகஸ்கார் இனம் ஒன்றை ஆராய்ந்து, தோலுக்குள் இருக்கும் மிகநுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். ஆகவே பச்சை இலை வைத்ததால் பச்சையாகாது. இலைக்குள் ஒளிய முடிகிறது என்று பயம் தெளிந்தால் பச்சையாகும்.

இப்போது உங்கள் வேலியில் இருப்பது. தெற்காசியா முழுவதுக்கும் இருக்கிற ஒரே பச்சோந்தி இனம் அது. இலங்கையில் உலர்வலயத்தில்தான் வாழ்கிறது, நம் வன்னிக்காடும் வேலியும் அதன் சொந்த இடம். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது எல்லாம் குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பிறந்ததைப் பிடித்து அடைத்தால் பெரும்பாலும் தின்னாமல் கிடந்தே செத்துப்போகும். மருமகனின் விலங்கு கூட்டில் பிறந்து வளர்ந்தது, அந்தக் கதை வேறு.

மகளுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலியையே அவளுடைய கூடாக்குங்கள். அக்கா எழுதிய அதே அடுக்கை வேலியில் செய்யலாம். நாங்கள் மீள்குடியேறி வந்தபோது எங்கள் காணியைச் சுற்றிக் கம்பி மட்டும்தான். சீமைக்கிளுவைத் தடிகளை ஊன்றினோம், மழையோடு பிடித்துக்கொண்டது. பிறகு இடையிடையே பூவரசு, நொச்சி, செவ்வரத்தை, ஆடாதோடை. மேலே கொவ்வைக் கொடியும் முல்லையும் ஏறவிட்டோம். கிளைகள் ஒன்றோடொன்று தொடும்போதுதான் பச்சோந்தி வந்தது. நடுவில் இடைவெளி விழுந்தால் அது தரையில் இறங்கித்தான் போகவேண்டும். தரையில் நாய், பூனை, வீதியில் வாகனம். அதற்கு ஓடத் தெரியாது.

ஆட்டுக்குக் குழை வெட்டும்போது வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையாக்கவேண்டாம். ஒரு பகுதியை வெட்டி, அது தழைத்த பிறகு அடுத்ததை வெட்டுங்கள். எப்போதும் பாதி வேலியாவது இலையோடு நிற்கவேண்டும். வேலிக்கரைச் சருகுக்குத் தீ வைக்கவே கூடாது. பெண் பச்சோந்தி மண்ணில் இறங்கிக் குழி தோண்டித்தான் முட்டை இடும், முட்டையும் அந்தப் பக்கத்து மண்ணுக்குள்தான் இருக்கும். இப்போது நிறையப் பேர் வேலியை வெட்டிவிட்டுத் தகரம் அடிக்கிறார்கள், மதில் கட்டுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் கன்று விற்கிறவர், வேலிக்குத் தடி கேட்டு வருகிறவர்களிடம் இதை ஒரு வார்த்தை சொன்னால் பெரிய உதவி.

பாலியாற்றங்கரை

மாங்குளத்துத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. வேலியைப் பகுதி பகுதியாக வெட்டுவதை நானும் இனிச் செய்வேன், நல்ல யோசனை.

மருமகனுக்கு: கோப்பை வேண்டாம். தேங்கி நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளாது. அசைகிற, மினுங்குகிற துளி வேண்டும். காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னும் இரவு அணைத்த பின்னும் மெல்லிய தூவலால் இலைகள் நனையும் வரை அடிக்கட்டும். பகலில் ஒரு தடவை, கூட்டின் மேல் ஒரு சின்னப் பாத்திரம் வைத்து, சேலைன் குழாய் போல வேகம் குறைக்கக்கூடிய குழாயால் ஷெப்லேரா இலையில் சொட்டவிடலாம். இலையில் இருந்து இலைக்கு வழிந்து வருவதைப் பார்த்து வந்து குடிக்கும். கீழே தண்ணீர் சேரத் தட்டு வையுங்கள், சாடிகளைத் தட்டில் நிற்கவிடாமல் கொஞ்சம் உயர்த்துங்கள். பகலில் இலைகள் காய்ந்துவிடவேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் நெஞ்சில் சளி கட்டும். அங்கே மாரியில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும் என்பதால் இரவு ஈரம்தான் முக்கியம். யேமன் மலைகளிலும் பகல் உலர்ந்து, இரவில் மூடுபனி இறங்கும்.

யன்னல் விஷயத்தில் அவன் நான் சொல்வதைக் கட்டாயம் கேட்கவேண்டும். கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் அநேகமாக இருக்காது. அது இல்லாவிட்டால் உடம்பில் விற்றமின் டி3 உண்டாகாது, கல்சியம் எலும்பில் சேராது. கால் வளைந்து, தாடை மெலிந்து, பிடிக்க முடியாமல் விழும். நீளக் குழாயாக வருகிற, டி5 என்று விற்கிற யூவிபி விளக்கு வாங்கி, பொதியில் எழுதியிருக்கிற காலத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். வெளிச்சம் வந்தாலும் அந்தக் கதிர் குறைந்துபோயிருக்கும். கன்றுகளை அடுக்கும்போது விளக்கின் நேர்கீழே உள்ள தடியை இலை மறைக்காமல் பார்க்கட்டும். மணி பிளான்ட் வேகமாக ஓடி அந்த இடத்தைப் பிடித்துவிடும், கத்தரித்துக்கொண்டே இருக்கவேண்டும். மாரியில் யன்னலுக்குக் கிட்டக் குளிரும் அடிக்கும். கூட்டை ஒரு சுவரோடு சேர்த்து, மேசை மேல் ஏற்றி, மேல் தடி அவனுடைய தலைக்கு மேலே வரும்படி வைக்கட்டும். எம்மைக் கீழே பார்க்கும்போதுதான் அதற்கு நிம்மதி.

தொங்கும் சாடியை வலையில் கொளுவவேண்டாம், ஈரமண்ணோடு பாரம் கூடி வலை கிழியும். அலுமினியச் சட்டத்தில் இருந்து சட்டத்துக்கு ஒரு தடியைக் குறுக்காகக் கட்டி, அதில் தொங்கவிடுங்கள்.

கனகராயன்

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. மருமகன் குரோட்டனை எடுத்துவிட்டான். அவர்கள் தெருவில் ஒரு மேப்பிள் மரத்தில் இருந்து விழுந்த கிளைகளைப் பொறுக்கி வந்திருக்கிறான். காய்ந்த தடியைச் சுடுதண்ணீரால் கழுவிக் கட்டலாமா என்று கேட்கிறான். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் மணி பிளான்ட்டும் வாங்கியாகிவிட்டது. ஷெப்லேரா பல்கனியில் காத்திருக்கிறது.

பாலியாற்றங்கரை

மேப்பிள் நல்ல தடி. மருந்தடித்த மரமா என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்கட்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் காயவைத்தால் போதும். பட்டையை உரிக்கவேண்டாம், சொரசொரப்பு இருந்தால்தான் பிடி கிடைக்கும். பைன் மரத்துத் தடி வேண்டாம், பிசின் ஒட்டும். ஷெப்லேராவைக் குளிர் தொடங்குவதற்கு முன் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள், உறைபனி பட்டால் கருகிவிடும். அதுவரை கூட்டில் தடியும் மணி பிளான்ட்டும் போதும். தடிகளைக் கட்டிய பிறகு ஒரு படம் அனுப்பினால் இங்கே போடுங்கள், எந்த மூலையில் ஷெப்லேரா வரவேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.